பெட்டரி வீங்கிய ஞாயிற்றுக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை நோர்வூட் டவுனில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது புஷ்பராணி அக்காவின் கணவர் அழைத்தார். "தங்கச்சி, அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..."

கைத்தொலைபேசி திருத்தும் அந்தக் கடையில் ஆறு வருடங்கள் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்தோம். ஓய்வு கிடைத்தால் சின்ன ரோபோக்கள் செய்வோம். தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்தே ஓடும் வண்டிதான் முதலாவது. அது ஓடிய அன்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பெட்டரி என்றால் மட்டும் அவருக்குப் பயம். சார்ஜ் ஏறி முடியும்வரை இடத்தைவிட்டு எழமாட்டார். நான் கேலி செய்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மதியம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார். நான் ரோபோ பெட்டரியை, கையில் கிடைத்த ஏதோ சார்ஜரில் மாட்டிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெளியே பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன அக்கா சத்தம் உயர்த்தாமல் கூப்பிட்டார்.

"சுமதி, கரண்ட நிப்பாட்டிட்டேன். பக்கத்து வீட்டுப் புள்ளைய வெளிய தூக்கச் சொல்லு. ஓடு."

பெட்டரி தலையணைபோல் உப்பியிருந்தது. இனிப்பாக ஒரு கெட்ட வாடை. பத்து வீடுகளுக்கு ஒரே கூரை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அப்பால் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஓடினேன்.

அக்கா அடுப்பு இடுக்கியால் பெட்டரியைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வாசல் மணற்குவியலுக்குக் கொண்டுவந்தார். போட்டுவிட்டு நாலு எட்டு வைத்திருப்பார். சீறிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது.

குழந்தையின் தாய் என்னைத் திட்டினாள். அக்கா தடுக்கவில்லை.

"திட்டட்டும். நானும் ஒருக்கா இப்படித்தான் போட்டுட்டுப் போய் மெத்தைய எரிச்சேன். மக உள்ளுக்குத்தான் இருந்தா. யாருகிட்டயும் சொன்னதில்ல."

அன்றிலிருந்து பெட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் அளந்து, அதற்குரிய சார்ஜரில், எரியாத தகரத் தட்டில் வைத்து, பக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்திருந்தோம். சூடேறினால் உடனே நிறுத்தினோம்.

அக்கா இறந்த மறுநாள், புதன் பிற்பகல், மழைக்குள் அவரை மயானத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். மலைப்பாதை வழுக்கியது. ஒருவர் கால் சறுக்க, சவப்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "மெல்லமா, மெல்லமா" என்று என்னை அறியாமல் சொன்னேன். பெண்கள் நாங்கள் வளைவில் நின்றுவிட்டோம். பனி இறங்கி, தூக்கிச் சென்றவர்களின் முதுகுகளை ஒவ்வொன்றாக மறைத்தது.

போய் வாருங்கள், அக்கா. இனிப் பெட்டரிப் பக்கத்தில் தனியாக உட்கார எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.