பறக்கும் குதிரையை நம்பியவர்

சுனாமி முகாமுக்கு வாரந்தோறும் நான் புத்தகப் பெட்டி கொண்டுபோவேன். அங்கே, உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு விடாமல் வாசித்த தையல்காரப் பெண் ஒருவர் இருந்தார். மகளுக்கென்று அவர் கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒருநாள், ராசா காலத்து மாயாஜாலக் காதல் நாவல் ஒன்றை முகத்தைச் சுளித்தபடி திருப்பித் தந்தார்.

“பிடிக்கல்லையா?” என்றேன்.

“குதிர பறக்குது, அத நம்பலாம் டீச்சர். கலியாணம் முடிச்சி பொண்ணு மாப்பிள ஊட்டுக்குப் போறாளாம். அத எப்பிடி நம்புற?”

எங்கள் ஊரில் பெண்ணுக்குப் பெற்றோர் வீடு கட்டிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். சிரித்துவிட்டேன்.

வீட்டில் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் அவருடைய பென்சில் எழுத்து. புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் இதை இன்றுவரை அழிக்கவில்லை:

“இளவரசன் இளவரசியின் வீட்டுக்கே குடிவந்தான். அந்த வீட்டை மந்திரவாதி ஒரே நாளில் கட்டிக் கொடுத்தான்.”