எண்ணெய் காணாத முழங்கால்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்த அண்ணி, "நல்லதா நாலு வார்த்தை எழுது பாப்பா" என்றார். அண்ணனைப் பற்றிய நல்லதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது அவருடைய இடது முழங்காலைப் பற்றியது. அதில் என் கைங்கரியமும் இருப்பதால் நானே சொல்லிவிடுவதுதான் முறை.

அண்ணன் பிறந்தது ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய எங்கள் பூர்வீக வீட்டில். படிப்பு முடிந்ததும் பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டார். சொன்னால் விடமாட்டார்கள் என்று, கன்றுக்குட்டி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா மூன்று நாள் புதுக்கயிறு திரித்து வைத்துக்கொண்டு கன்றுக்குட்டிக்காகக் காத்திருந்தார். நான்காம் நாள் கடுதாசிதான் வந்தது. அப்பா அந்தக் கயிற்றை யாரையும் தொடவிடவில்லை.

பத்து வருடம் வடக்கே இருந்தார். மலைப்பாதையில் ராணுவ லாரி கவிழ்ந்ததில் முழங்கால் நொறுங்கி, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். முழுப் பென்சனுக்குச் சேவைக்காலம் போதவில்லை. மிச்சமிருந்தது ஊனப் பென்சன் ஒன்றுதான். அதற்குச் சென்னையில் ராணுவ டாக்டர்களின் போர்டு சோதித்து, ஊனம் நூற்றுக்கு இருபதுக்குக் குறையாமல் இருக்கிறதென்று எழுத வேண்டும். குறைந்தால் ஒன்றும் கிடையாது. அண்ணனால் ஏர் பிடிக்க முடியாது, களைவெட்டக் குந்த முடியாது. வீட்டில் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும். அந்த இருபதை நம்பித்தான் எல்லோரும் இருந்தோம்.

எமர்ஜென்சி சமயத்தில் முதல் கடிதம் வந்தது. இன்ன தேதியில் சோதனைக்கு வரவும் என்று இருந்தது. பெரிய பெரிய டாக்டர்கள் பார்க்கப் போகிறார்கள், அண்ணனை அப்படியே அழுக்கும் வீக்கமுமாகவா அனுப்புவது? அடுத்த தெருவில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்து வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்து ஏழு நாள் விடாமல் தேய்த்தேன். நொச்சித்தழையும் தவிடும் வறுத்து இரண்டு வேளை ஒத்தடம் கொடுத்தேன். அண்ணி ஆட்டுக்கால் சூப்பு வைத்தார். பூசணிக்காய் போல இருந்த முழங்கால் ஏழாம் நாள் முழங்கால் போலவே ஆகிவிட்டது. அண்ணன் முடி வெட்டி, பூட்சுக்குப் பாலிஷ் போட்டு, தடி இல்லாமல் பஸ் ஏறினார். எங்களுக்கு ஒரே பெருமை.

டாக்டர் அழுத்திப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டாராம். ஆபீசர் முன்னால் வலிக்கிறது என்று சொல்வதா? அண்ணன் விறைப்பாக நின்று "இல்லை சார்" என்றிருக்கிறார். சில மாதம் கழித்து இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு, "நல்ல சேதிதான்யா. கால் ஏறக்குறைய சரியாயிட்டுதாம்" என்றார். அவர் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வீங்கிய காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

அப்பீல் போட்டோம். அதற்குப் பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கும் வரலாம், அடுத்த வருடமும் வரலாம். எனக்கு வந்ததே ஆத்திரம். வைத்தியர் எண்ணெயை என் வீட்டுப் பரணில் ஏற்றினேன். "அடுத்த போர்டு முடியற வரைக்கும் இந்தக் காலுக்கு ஒரு சொட்டு எண்ணெ கெடையாது. ஒத்தடம் கெடையாது. லெட்டர் எப்ப வேணும்னாலும் வரும், கால் தயாரா இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் "சரி பாப்பா" என்றார்.

நான்கு தீபாவளி இப்படியே போயின. எண்ணெய்க் குளியலுக்கு அண்ணன் மணையில் உட்கார்ந்தால், முழங்காலில் வாழை இலையைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தலையில் எண்ணெய் வைக்க விடுவேன். ஒருநாள் அண்ணி எனக்குத் தெரியாமல் தவிடு வறுத்தார். வாசனையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். "வேணும்னா ஒனக்கு எங்கயாச்சும் வலிச்சா வச்சிக்க அண்ணி" என்றேன்.

நடந்து காட்டவும் பழக்கினேன். களத்துமேட்டில் நாற்காலி போட்டு டாக்டராக நான் உட்காருவேன். நாள் முழுக்கத் தாங்கித் தாங்கி நடக்கிற மனிதர், "இப்ப வாண்ணா" என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குடியரசு தின அணிவகுப்பில் வருவது போல வருவார்.

"நொண்டுண்ணா."

"பொய்யா நொண்டச் சொல்றியா?"

"நெசமா நொண்டறத மறைக்காதன்னு சொல்றேன்."

மறுபடியும் போய், மறுபடியும் விறைப்பாக வந்து, சல்யூட்டும் அடிப்பார். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒருவழியாக இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை நானும் உடன் போனேன். அரியலூரில் ரயில் ஏறினோம். எதிரே இருந்த ஒரு அம்மாள் அண்ணன் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எப்படி வீங்கியிருக்கு. இந்தத் தைலத்தத் தேச்சி விடும்மா" என்று சீசாவை நீட்டினார். நான் பதறிப்போய், "வேண்டாங்க, வீக்கம் வடிஞ்சிடும்" என்றேன். அதற்கப்புறம் எழும்பூர் வரை அந்த அம்மாள் என்னோடு பேசவில்லை. அண்ணனுக்கு மட்டும் ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

உள்ளே நடந்ததை அண்ணன்தான் சொன்னார். வழக்கம்போல விறைப்பாகத்தான் போயிருக்கிறார். தமிழ் தெரிந்த டாக்டர். வலிக்கிறதா என்றதற்கு அண்ணன் வழக்கமான பதிலையே சொன்னாராம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் டாக்டர் விடவில்லை, குந்தி உட்காரச் சொல்லியிருக்கிறார். உத்தரவு ஆயிற்றே, அண்ணன் உட்கார்ந்துவிட்டார். எழச் சொன்னார். எழ முடியவில்லை.

"வலி இல்லைன்னீங்களே, ஏன் எழுந்திரிக்கல?"

"உத்தரவு எனக்குக் கேட்டுதுங்க சார். காலுக்குக் கேக்கல."

டாக்டர் மேசையைச் சுற்றி வந்து, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாராம். நாற்பது என்று எழுதினார்.

அந்தப் பென்சனில்தான் பிள்ளைகள் படித்தார்கள், மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணன் பெரம்பலூர் வரை போய், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தார். "டாக்டர் கேட்டா வலியச் சொல்லிடுங்கப்பா" என்று அவர்களுக்குப் புத்தியும் சொல்வார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று இரண்டே நாள்தான் படுத்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார்.

வெயிலில் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொண்டுவந்த தபால்காரர், இங்கிலீஷ் படித்துச் சொன்ன ஹெட்மாஸ்டர், அண்ணனைத் தூக்கி நிறுத்திய டாக்டர், தைலம் நீட்டிய அம்மாள், கடைசி இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்த உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பென்சன் ஆர்டர் வந்த நாளைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். தெரிந்தேதான் தாண்டினேன். அன்றைக்கு வீடு நிறையக் கூட்டம். எல்லோரும் போனபிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. "மொதத் தடவையே கெடச்சிருக்கும்ணா. நாந்தான் எண்ணெ தேச்சி, ஒத்தடம் குடுத்துக் கெடுத்துட்டேன்" என்றேன்.

அண்ணன் அந்தத் தாளை மடித்துக்கொண்டே, "கெடுக்கல பாப்பா. அடிபட்டதுலேருந்து அந்த ஒரு வாரந்தான் நான் நல்லாத் தூங்குனேன்" என்றார்.

நான்கு வருடம் அந்த எண்ணெய் என் வீட்டுப் பரணில் இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா" என்றேன்.

"நீதான் வேண்டாம்னுட்டியே" என்றார்.

நான் எழுந்துபோய் அடுப்பில் சட்டியை வைத்துத் தவிட்டைக் கொட்டினேன்.