அப்பாவின் புதுச் சட்டையில் கிரீஸ்

சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்று யோசனை கேட்டு இப்போதும் அம்மாவிடம் ஆட்கள் வருகிறார்கள். "கெட்டுப்போனா உனக்கு மனசு வலிக்கணும். அப்டி ஒரு பொருளா எடுத்து, முதல்ல அதுல பண்ணிப் பாரு" என்பாள். வந்தவர்கள் விழிப்பார்கள். எனக்கு அந்த நீலச் சட்டை நினைவுக்கு வரும்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு இரும்பாலையில் வேலை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்தார்கள். ஞாயிறானால் ஒரே குழாயடியில் கிரீஸ் படிந்த சீருடைகளை அடித்து அடித்துத் துவைப்பார்கள். கறை போகாது, துணிதான் கிழியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, அவற்றைத் துவைத்துத் தருவதையே தொழிலாகச் செய்யப்போவதாக ஒருநாள் சொன்னாள். அப்பா சிரித்தார்.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது, ஆலையில் கொடுத்த புதுச் சீருடைச் சட்டை உறை பிரிக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அம்மா சைக்கிளுக்கு வைத்திருந்த கிரீஸை எடுத்து அதன் தோளில் அப்பிக்கொண்டிருந்தாள். சட்டையில் பேனா மை பட்டதற்கு என்னை அடித்தவள் அவள்.

"பைத்தியமா புடிச்சிக்கிச்சு? பழைய சட்டையில தேய்ச்சிப் பாக்குறதுதானே?" என்றார் அப்பா.

"பழசுன்னா போனா போவுதுன்னு உட்டுடுவேன். அப்பறம் ஊரான் துணியிலயா கத்துக்கச் சொல்ற?"

முதலில் பிளீச்சிங் பவுடர். கறை அப்படியே இருக்க, நீலம் வெளுத்து இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். "பிளீச்சிங் வேணாம்னு நோட்டுல எழுதிக்கோ" என்றாள். அடுத்து மண்ணெண்ணெய். கறை போனது, நாற்றம் போகவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கிரீஸ் பூசினாள், துவைத்தாள். கைத்தோல் உரிந்தது. பதினோராம் நாள், மண்ணெண்ணெயில் துடைத்து, சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, நாலு தண்ணீரில் அலசிய சட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். கறையும் இல்லை, நாற்றமும் இல்லை. இவள் என் அம்மாதானா என்று பிரமித்துப் பார்த்தேன்.

ஆனால் துணி கொடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

அப்பா அந்தத் திட்டு விழுந்த சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். தெருமுனை டீக்கடையில் கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். "இன்னா நைனா, தோள்ல சுண்ணாம்பு அடிச்சிக்கினு வந்துக்கிற?"

பள்ளிக்குப் போக அவரோடு வந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா தோளைத் திருப்பிக் காட்டினார். "என் பொஞ்சாதி கத்துக்கினது இதுலதான். அந்த வெள்ளைத் திட்டப் பாக்காத. பதினோரு வாட்டி கிரீஸ் பூசின சட்டை இது. எங்கயாவது கறை இருக்கா, சொல்லு."

அந்த வாரமே ஒடிசாக்காரர் ஒருவர் கறுப்பேறிய கால்சட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பிறகு அறை அறையாக வந்தார்கள். இன்று அம்மாவிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள்.

அம்மாவின் துணிச்சலை அப்போது வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவைப் பற்றிச் சொல்ல எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. திட்டில்லாத இரண்டு சீருடைகள் பெட்டியில் இருந்தது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அவை இருந்தும், வருஷம் முழுக்க அவர் அந்த ஒன்றையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். வேறு சட்டை இல்லாத மனிதர் என்று நினைத்து, அவருக்காக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.