உடுக்கையின் இடுப்பு

அந்த எஃகுத் துண்டு உடுக்கையைப் போல இருக்கும். இரு முனைகளும் அகலம், இடுப்பு மட்டும் ஒடுக்கம். பூமி குலுங்கிக் கட்டடத்தை ஆட்டும்போது அந்த இடுப்பு இழுபட்டும் நசுங்கியும் விசையைத் தான் வாங்கிக்கொள்ளும். தான் கெட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றும். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவில் எங்கள் பட்டறையில் அதன் ஆங்கிலப் பெயரை யாரும் சொல்வதில்லை. உடுக்கை என்று முதலில் சொன்னவர் வெல்டிங் அக்கா.

பக்கத்து ஊர் உலு திராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "இஞ்சினியர் தம்பி வர்றாரு, நெருப்ப அணைங்க, சட்டையில பொறி பட்டுறப் போவுது" என்பார். பசியாறும்போது தன் நாசி லெமாக்கில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார்.

முதல் மாதிரியைச் சோதித்த நாளில் இடுப்பு அசையவே இல்லை. முனையிலிருந்த போல்ட்டுகள்தாம் அறுந்து தெறித்தன. கழற்றிப் பார்த்தால், இடுப்பின் இருபுறமும் பட்டை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வெல்டிங் செய்திருந்தது.

"ரொம்ப ஒல்லியா இருந்துச்சு தம்பி. பில்டிங் விழுந்தா நம்மளதானே சொல்வாங்க? அதான் சப்போர்ட் குடுத்தேன்."

நல்ல வெல்டர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. மெலிந்ததைக் கண்டால் அவர் கை சும்மா இராது. அது மெலிந்தேதான் இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சோதனைக்கு முன் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டியவனும் நான்தான். ஒப்பிடாமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வெல்டர் அனுமதியின்றிச் செய்த மாற்றமே காரணம் என்று அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதினேன். கையெழுத்துக்காக அவரிடம் நீட்டியபோது, "என்னா எழுதிருக்கு, படிங்க லா" என்றார்.

"சாமான் உடைஞ்சிருச்சு, அடுத்த தடவ கவனமா செய்யணும்னு இருக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

கையுறையைக் கழற்றி, என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அந்தக் கையெழுத்தைக் காட்டியே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறிக்கையில் இருந்ததை மேலாளர் மலாயில் விளக்கியிருக்கிறார். வெளியே வந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "நீங்க படிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சே தம்பி" என்றார். திட்டியிருந்தால் இத்தனை நாள் நெஞ்சில் கிடந்திருக்காது.

எனக்கு வேலை நிரந்தரமான பிறகுதான் துணிச்சல் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் தவறை எழுதித் திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். அக்காவின் பழைய கைபேசி எண் இப்போது யாரிடமோ இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறைக்குத் தினமும் மோட்டாரில் போய்வருவதாகக் கேள்வி. என்னைக் கேலி செய்ய இங்கே யாரும் இல்லை. எல்லோரும் சார் என்கிறார்கள்.

விடுமுறை நாள்களில், பொழுது விடியும் முன் சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகும் சாலையோரம் போய் நிற்கிறேன். மோட்டார்கள் ஆயிரக்கணக்கில் போகின்றன. எல்லோர் முகமும் ஹெல்மெட்டுக்குள். திருத்திய அறிக்கையின் நகல் சட்டைப்பையில் இருக்கிறது. அவரை நிறுத்தி, ஒரு வார்த்தை விடாமல் தமிழில் படித்துக்காட்ட வேண்டும்.