மேலவீதியில் வாடகைக்கு வீடு தேடிய ஞாயிற்றுக்கிழமை

கோடியக்கரைப் பறவைகள் வரை இந்த வலைப்பூவில் எழுதியாயிற்று. "பெரிய கோயிலை விட்டால் தஞ்சாவூரில் வேறு என்ன பார்க்கலாம்?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். சரி, நான் பிறந்து வளர்ந்த மேலவீதியையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றி எழுதுவோம் என்று நினைத்தேன். தமிழ், மராத்தி, சௌராஷ்டிரம், தெலுங்கு, உருது என்று ஐந்து மொழிக்காரர்கள் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் இடம். பெருமையாக எழுத வேண்டிய கட்டுரைதான். ஆனால் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. உடன் வந்தவள் சமீமா, நான் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். கூத்தாநல்லூர்க்காரி. கணவர் குவைத்தில் இருக்கிறார். தினமும் மன்னார்குடியில் பஸ் மாறி, வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம். அவள் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். இவள் திரும்புவதற்குள் பல நாட்களில் மகள் மறுபடியும் தூங்கியிருப்பாள். ஜூனுக்குள் தஞ்சாவூரில் வீடு பிடித்து மகளை இங்கேயே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். தெருக்களைச் சுற்றிப் பார்த்தபடியே வீடும் தேடலாம் என்று காலை எட்டரைக்குப் பழைய பேருந்து நிலையத்தில் சந்தித்தோம்.

முதலில் மானம்புச்சாவடி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. கதவு திறந்திருக்கும் வீடுகளைத் தாண்டிப் போனால், நமக்குப் பாதி புரிவது போலவும் ஒன்றும் புரியாதது போலவும் பேச்சு காதில் விழும். 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கிய வீட்டில் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். பேரைக் கேட்டார்கள். பேரைச் சொன்னதும் வீட்டுக்காரர் உள்ளே திரும்பி மனைவியிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசினார். பிறகு எங்களிடம் தமிழில், மகன் சென்னையிலிருந்து திரும்பி வரப்போவதாகச் சொன்னார். அட்டையைக் கழற்றவில்லை.

"அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு புரியலையே" என்றேன் தெருவில் இறங்கியதும். "மொழி எதுக்குக்கா, மூஞ்சிதான் சொல்லுதே" என்றாள் சமீமா.

அடுத்தது கீழவாசல். அங்கே ஓர் உருது பேசும் குடும்பத்தின் வீடு காலியாக இருந்தது. இங்கே சுலபமாக முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். வீட்டுக்கார அம்மா உருதுவில் ஏதோ கேட்க, தனக்கு உருது வராது, வீட்டில் தமிழ்தான் என்றாள் சமீமா. அந்த அம்மாவின் முகம் அங்கேயே பாதி சுருங்கியது. கணவர் வெளிநாட்டில் என்று தெரிந்ததும் மீதியும் சுருங்கியது. உள்ளே போய் உருதுவில் கலந்து பேசிவிட்டு வந்து, ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தங்களால் பொறுப்பேற்க முடியாது என்றார். பொறுப்பை யார் இவரிடம் கேட்டார்கள்? அவள் கேட்டது வீடு.

தெற்கு வீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பாடு நூறு ரூபாய், வத்தக்குழம்பு நன்றாக இருக்கும். வெளியே நின்றிருந்த ஆட்டோக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "வீடு எல்லாத் தெருவுலயும் இருக்குங்க. போன்ல பேரை மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மூன்றாவது வீடு மேலவீதியில், என் ருக்மா அத்தை வீட்டு மாடி. நாங்கள் மராத்திக்காரர்கள். முன்னோர் குதிரையில் வந்து இறங்கி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இந்த மொழியில் பேச எனக்கு மிஞ்சியிருப்பவர் அத்தை ஒருவர்தான். அவர் சமீமாவுக்குக் காபி கொடுத்தார், பிள்ளையின் வயதைக் கேட்டார், கணக்கு டீச்சரா என்று மெச்சினார். பிறகு சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் திரும்பி மராத்தியில் சொன்னார்: இவளையெல்லாம் ஏன் இங்கே கூட்டி வந்தாய், பூஜை செய்கிற வீடு, மாடியில் கறி வாசனை வந்தால் நான் என்ன செய்வேன், நீயே ஏதாவது சொல்லி அனுப்பிவிடு.

சமீமா காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வீட்டுக்காரர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. தமிழ் மட்டுமே பேசுகிறவளை மூன்று பேரும் வெளியாள் என்கிறார்கள்! நான் எதுவும் சொல்லுவதற்கு முன்பே அவள் டம்ளரை வைத்துவிட்டு, "வர்றோம்மா" என்று எழுந்தாள்.

கால் போன போக்கில் வெகுநேரம் சுற்றிவிட்டு, சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடியும் நேரம். வழியில் இருந்த பள்ளிவாசல் வாசலில் வழக்கம்போலப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வரிசையாக நின்றார்கள். குழந்தை பயந்து அழுதாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் இப்படி வந்து நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்த வரிசையில் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ருக்மா அத்தை நின்றுகொண்டிருந்தார். ஒரு பெரியவர் குனிந்து ஊத, அத்தை பக்தியாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. நேரே போய், "பேரனுக்கு ஓதலாம், மாடியில அவ இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அத்தை சுற்றிலும் பார்த்தார். அது வேறு, இது வேறு என்று தணிந்த குரலில், மராத்தியில் சொன்னார்.

"தமிழ்ல சொல்லுங்க அத்தை. இங்க நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் பேரனின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டார். சமீமா என் கையைப் பிடித்து இழுத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

இதே பாதையில் நீங்களும் நடக்க விரும்பினால், மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வெயிலுக்கு முன் மானம்புச்சாவடியை முடித்துவிடுங்கள். மாலையில் பள்ளிவாசல் வாசலைப் பார்க்கத் தவறாதீர்கள், உண்மையிலேயே நெஞ்சைத் தொடும் காட்சிதான். படம் எடுப்பதென்றால் அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஒற்றுமைக்கு உதாரணம் என்று தலைப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒருநாள் தங்க லாட்ஜ் போதும். ஒரு வருஷம் தங்க நினைத்தால் எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் தெரியும்.

ஜூனில் சமீமா வேலையை விட்டுவிட்டாள். மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. போன வாரம் அத்தை போன் செய்தார். பேரனுக்கு உடம்பு தேவலாம், வீட்டுப் பக்கமே வரக் காணோமே என்று மராத்தியில் விசாரித்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் மறுபடியும் மராத்தியில் கேட்டார், நான் மறுபடியும் தமிழில் சொன்னேன். ஏன் என்னிடம் தமிழில் பேசுகிறாய், நான் என்ன வெளியாளா என்று அத்தையின் குரல் உடைந்தது.

"ஆமா அத்தை" என்றேன்.