அசனத்தன்று அத்தை கொண்டுவந்த மணம்

கொல்லயில் என்ற எங்கள் ஊர்ச் சபையில் வருடந்தோறும் அசனம் உண்டு. ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குப் பின்னாலுள்ள தென்னந்தோப்பில் பந்தி போட்டு, சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அந்தச் சமையல் பாதியில் நின்றுபோனது. நிறுத்திய பெருமை என் அத்தையைச் சேரும்.

அத்தை அப்பாவின் தங்கை. திருவனந்தபுரத்தில் கரிம வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து படிப்பில் அவ்வளவு தூரம் போன முதல் பெண் அவர்தான். அவருடைய வேலை என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. பெரியப்பாவிடம் கேட்டால், "அவ அங்க குப்பி கழுவுதா" என்பார். வந்த டீச்சர் வேலையைத் தங்கை வேண்டாம் என்றதில் அவருக்கு மனத்தாங்கல். பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அசனத்துக்குப் பெரியப்பாதான் பொறுப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டுக்கறி வேகும் அண்டாக்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று சமையல்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கத்தினார்.

"எலே, கேஸ் லீக்காக்கும்! அடுப்ப அணையுங்கலே!"

எனக்கும் அடித்தது, சிலிண்டர் ஒழுகும்போது வரும் அதே அழுகல் நாற்றம். இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். போதகர் அங்கியோடு ஓடினார். பெரியப்பா மட்டும் ஓடவில்லை; அவரைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். அவர் ஒவ்வொரு சிலிண்டராகக் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார். ஒன்றிலும் ஒழுக்கு இல்லை. நாற்றமோ கூடிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் அத்தை தோப்புக்குள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தோம். கசங்கிய சுடிதார், தூங்காத கண்கள். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் பாறசாலை வரைக்கும் பக்கத்து இருக்கை காலியாக இருந்ததைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறார். அந்த மணத்திலேயே கிடந்து அவர் மூக்கு மரத்துப்போயிருந்தது. எல்லோரும் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது.

"அண்ணா, சிலிண்டர் இல்ல. நானாக்கும்."

"நீயா? என்ன மக்கா சொல்லுத?"

"மலையில ஒரு மரம் உண்டுல்லா, பட்டையில மருந்து இருக்கும்னு சொன்னேனே. அந்த மருந்த நான் குப்பிக்குள்ளயே உண்டாக்கிட்டேன். இன்னைக்குக் காலத்தயாக்கும் முடிஞ்சது. கடைசியில கந்தகம் சேந்த ஒண்ண ஊத்தணும். அதுக்க மணம்."

"பட்டை இல்லாமலா?"

"பட்டையும் வேண்டாம், மரத்த வெட்டவும் வேண்டாம்."

பெரியப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ரோட்டில் நின்ற சபை முழுவதும் கேட்கச் சொன்னார்:

"எல்லாரும் வாருங்க! கேஸ் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுப் பெண்ணு ஒரு மருந்து உண்டாக்கிட்டு வந்திருக்கா. அதுக்க மணமாக்கும்!"

இவ்வளவு நாற்றத்தை இவ்வளவு பெருமையோடு அறிவித்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அடுப்புகளை மறுபடி பற்றவைத்தார்கள். பந்தியில் அத்தைக்கு இருபுறமும் இலைகள் காலியாகவே கிடந்தன. பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பா கறிவாளியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மறுபக்கத்தில் நான். மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டேன். அத்தை அழுததும் சிரித்ததும் ஒன்றாக இருந்தது. காரம் அதிகம் என்று நினைத்தேன்.

இன்று அந்த மருந்தை எங்கே தயாரித்தாலும் அத்தை கண்ட வழியில்தான் தயாரிக்கிறார்கள். நான் கல்லூரியில் வேதியியல் படித்தபோது அந்த வழி பாடமாகவே வந்தது. அந்தப் பாடம் நடந்த அன்று இரவு அத்தையைப் போனில் கூப்பிட்டு, அசனம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்து உண்டானதை யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை என்றார். மருந்தின் படிகங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, வழிகாட்டிப் பேராசிரியருக்குக்கூடத் தெரிவிக்காமல் பஸ் ஏறியிருக்கிறார்.

உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாத ஒன்று அன்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை முதலில் தன் அண்ணனிடம் சொல்லத்தான் அவர் ஓடி வந்திருக்கிறார் என்பது, மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த எனக்கு அப்போது தெரியவில்லை.