இடது கால் பூட்ஸ்

பஸ் டிப்போவில் அவருக்குப் பைலட் என்று பேர். பார்த்த வேலை என்னவோ டைம் கீப்பர். விசிலை ஊதி ஊர்ப்பட்ட பஸ்களையும் வழியனுப்பி வைப்பார். தான் மட்டும் ஒன்றிலும் ஏற மாட்டார். ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் வாந்தி. அதனால் நடந்தே வருவார், நடந்தே போவார். இப்பேர்ப்பட்ட மனுஷர் யுத்த காலத்தில் கடல் தாண்டிப் போய்ப் போர் விமானம் ஓட்டப் பயின்றவர் என்றால் யார்தான் நம்புவார்கள்? அந்தப் பேரே கேலிக்காக வைத்ததுதான்.

டிப்போ நம்பாததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கட்டின மனைவி நம்பவில்லையே என்பதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில், விமானத்துக்குப் பக்கத்தில் தான் விறைப்பாக நிற்கும் போட்டோவை ஆசை ஆசையாக எடுத்துக் காட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டாள்.

"யானை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா பாகன் ஆயிட முடியுமா?"

அன்றைக்கு பீரோவுக்குள் போன போட்டோ அப்புறம் வெளியே வரவில்லை.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. பனி கொட்டும் அந்த அந்நிய நாட்டில், கூரையில்லாத சின்ன விமானத்தில்தான் பயிற்சி. முன் இருக்கையில் வாத்தியார், பின்னால் மாணவர், பேசிக்கொள்ள நடுவில் ஒரு ரப்பர் குழாய். வாத்தியாருக்குப் பையன்கள் வைத்த பேர் மீசை. மேலே போனதும் மீசை விமானத்தைப் பம்பரமாகச் சுற்றுவார், குப்புறத் தள்ளுவார், போதாததற்குத் தலைகீழாகவும் தொங்கவிடுவார். நம்மவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

அங்கே ஒரு விதி இருந்தது. மூன்று தடவை வாந்தி எடுத்தவனைச் சமையல் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றப்பட்டவர்கள் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பது சாப்பாட்டு வரிசையில் நின்றால் நன்றாகத் தெரியும். தெருவே திரண்டு வந்து வழியனுப்பிய பிள்ளை, கிழங்கு உரித்துவிட்டு எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? வெளியே எட்டிக் கக்கலாம் என்றால், விமானத்தின் பக்கவாட்டில் கோடு கோடாக வழிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே பூட்ஸ். இடது கால் பூட்ஸ். வயிறு புரட்டத் தொடங்கியதும் ஒரு கையால் கயிற்றை இழுத்து, குதிகாலை உதறி, பூட்ஸை வாயருகே கொண்டுவருவது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். மீசை தலைகீழாகத் தொங்கவிடும் சமயங்களில் பூட்ஸின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தரையிறங்கியதும் அதையே மாட்டிக்கொண்டு, சளக் சளக் என்று நடந்து போய் வாத்தியாருக்கு ஒரு சல்யூட். பாவம், அதைத் துவைத்துக் காயவைப்பதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும்.

ஒருநாள் இறங்கியதும் மீசை அவரை நகரவிடவில்லை. முதல் நாளிலிருந்தே தனக்குத் தெரியும் என்றார். அந்தக் குழாயில் பேச்சு மட்டுமா வரும், சகல சத்தமும் வாசனையும் சேர்ந்தே வருகிறது என்றார். நம்மவர் கண் முன்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள் வரிசை கட்டி நின்றன.

"இனிமே உன்கூட என்னால உக்கார முடியாது," என்ற மீசை, விமானத்தைக் கை காட்டினார். "நீ தனியாவே போயிட்டு வா."

அந்த வகுப்பிலேயே முதன்முதலாகத் தனியே பறந்தவர் இவர்தான். திறமையால் அல்ல, நாற்றத்தால். ஆனால் மேலே போனதும் ஓர் அதிசயம். வாந்தி வரவில்லை. ஓட்டுவது தன் கையாக இருந்தால் வயிறு சமர்த்தாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டார். போர்முனைக்குப் போவதற்குள் யுத்தம் முடிந்துபோனது. வழியெல்லாம் கப்பலில் கக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் மனைவி அசையவில்லை. எந்தக் கிறுக்கனாவது பூட்ஸுக்குள் வாந்தி எடுப்பானா, யார் காதில் பூ சுற்றுகிறீர்கள் என்பாள்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, மருமகன் புதுக் கார் வாங்கிக்கொண்டு பழையதை இவர்களுக்குத் தந்தார். வயசான காலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்து, மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்குத் தானே ஓட்டிப் போவதாகக் கிளம்பினார் பைலட். மனைவி வழக்கம்போல் அவருக்காகப் பிளாஸ்டிக் பைகளை எடுத்து வைத்தாள். ஓட்டுகிறவருக்கு வாந்தி வராது, பை கூடவே கூடாது என்று அடம்பிடித்து அவற்றை வீட்டிலேயே விட்டுவரச் செய்தார்.

மலைப்பாதை தொடங்கியதும் மனுஷருக்குப் பழைய குஷி வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. பிறந்ததிலிருந்து வண்டியில் வாந்தி என்றால் என்னவென்று அறியாத அவள், மடியில் மகளுக்கு வாங்கிய புதுப் புடவையோடு, வாயைப் பொத்திக்கொண்டு முழித்தாள்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கை கீழே போனது, கயிறு அவிழ்ந்தது, குதிகால் உதறியது, இடது கால் ஷூ அவள் முகவாய்க்குக் கீழே வந்து நின்றது. வீட்டில் அதே ஷூவைக் கழற்ற முக்கி முனகி அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர். அவளும் யோசிக்க நேரமில்லாமல் அதிலேயே எடுத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, வெறும் சாக்ஸோடு கிளட்சை மிதிக்கும் அந்தக் காலை அவள் வெகுநேரம் பார்த்தபடியே வந்தாள்.

மகள் வீட்டு வாசலில் இறங்கும்போது பழக்க தோஷத்தில் பைலட் அந்த ஷூவையே மாட்டிக்கொண்டார். சளக் சளக் என்று படியேறியவரை மருமகன் குழப்பமாகப் பார்த்து, அது என்ன சத்தம் என்று மாமியாரிடம் கேட்டார்.

"உங்க மாமா பைலட்டு, மாப்பிள்ளை," என்றாள் அவள். "பைலட்டுங்க அப்படித்தான் நடப்பாங்க."